பாலாடையில் (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கஞ்சி ஊற்றுவது: மறதி நோய் (டிமென்ஷியா) வந்த பெரியவர்களுக்கு ஆகுமா?

செல்லூர் செவிலி:
வேறொரு இழையில திருமங்கலத்தான் அண்ணன் எழுதியிருக்கார்: "டிமென்ஷியா முத்துனவங்களுக்கு ஸ்பூன் சரிப்படாது. தலைய மடியில சாச்சு வச்சு பாலாடையில ஊத்துங்க, பத்து நிமிஷத்துல ஒரு டம்ளர் கஞ்சி இறங்கிரும்." அதுக்குக் கீழ "அருமை, அருமை"ன்னு வரிசையா வர்றாய்ங்க. ஆத்திரம் தாங்கல. மறதி முத்துன காலத்துல வாயில வந்ததை முழுங்கவே நேரமாகும். அதுக்குள்ள பாலாடைக் கஞ்சி நாக்கைத் தாண்டிரும். தலை பின்னால சாஞ்சிருந்தா மூச்சுக்குழல் வாய் திறந்தே கிடக்கும். உள்ள போன கஞ்சி ரெண்டு நாள்ல காய்ச்சலும் மேல்மூச்சுமா வந்து நிக்கும்.

திருமங்கலத்தான்:
தாயி, பிறந்த பிள்ளைக்கே பாலாடையிலதான் புகட்டுறோம். பிள்ளைக்கு ஆகுறது பெரியவுகளுக்கு ஆகாதா? ஸ்பூனைக் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டா என்ன செய்வீங்க? பாலாடை மூக்கைக் கீழுதட்டுல வச்சுச் சாய்ச்சா கடிக்கவும் மாட்டாக, சட்டையிலயும் சிந்தாது. புரையேறுனா நிறுத்திக்கலாம்.

செல்லூர் செவிலி:
பிள்ளைக்கும் தலையைத் தூக்கிப் பிடிச்சுத்தான் பாலாடை, படுக்கப்போட்டு இல்ல. புரையேறுனா நிறுத்தலாம்னு சொல்றீங்களே, ஏறவே ஏறாம நுரையீரலுக்குள்ள போறதும் இந்த நோயில உண்டு. இருமல் வராது, முகம் மாறாது. குடுத்த பிறகு பேச்சு கொரகொரன்னு ஈரமா கேக்குதா, மூச்சு வேகமாகுதான்னு பார்க்கணும். புரையேறுனா தலையில தட்டி, வாயில தண்ணி வேற ஊத்துவோமே, அதையும் விட்டுருங்க. முன்னால குனிய வச்சு இருமவிடணும்.

ஸ்பூனைக் கடிச்சா இழுக்காதீங்க, பல்லு போயிரும். தாடை தானா விடுற வரைக்கும் பொறுங்க. மெல்லிசு பிளாஸ்டிக் ஸ்பூன் வேணாம், உடைஞ்சு உள்ள போகும். ரப்பர் முனை வச்ச சின்ன ஸ்பூன் நல்லது. 5 மில்லிக்கு மேல ஒரு வாய் கிடையாது. தொண்டைமணி ஏறி இறங்குறதைக் கண்ணால பார்த்த பிறகுதான் அடுத்த வாய். அரை மணி, முக்கால் மணி ஆகத்தான் செய்யும்.

விளாங்குடி பிசியோ:
உட்கார வைக்கிறதுலதான் பாதி இருக்கு. கை வச்ச நாற்காலி, முதுகுக்குத் தலையணை, பாதம் தரையில பதியணும். எட்டலைன்னா காலுக்கடியில மணையைப் போடுங்க. தாடை கொஞ்சம் கீழ நோக்கி இருக்கணும். நின்னுக்கிட்டு ஊட்டாதீங்க, உங்களைப் பார்க்க அண்ணாந்துருவாங்க. கட்டில்லயேதான்னா நல்லா நிமிர்த்தி, வழுக்காம இருக்க முழங்காலுக்கடியில தலையணை. சாப்பிட்டதும் சாய்க்கக்கூடாது, அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

திருமங்கலத்தான்:
இதெல்லாம் சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்க வீட்டுக்குச் சரி. கூலி வேலைக்குப் போற மகளுக்கு முக்கால் மணிக்கு எங்க போறது? பாலாடை ஏழை வீட்டுப் பொருள், அதான் உங்களுக்கு இளக்காரம்.

மேலூர்க்காரன்:
மடியில சாச்சு வாயில ஊத்துறதா? படுத்த படுக்கையான பெரியவங்களைச் சாகடிக்கிற தலைக்கூத்தல் செஞ்ச ஊர்ப்பக்கத்து ஆளு வேற என்ன சொல்வாரு.

திருமங்கலத்தான்:
தம்பி, வார்த்தைய அளந்து பேசு. எங்க ஊர்ல பெத்தவங்களைத் தாங்குற மாதிரி மேலூர்ல தாங்குறாய்ங்களான்னு காட்டு பாப்போம்.

உசிலம்பட்டியார்:
ஊர்ச்சண்டைய விடுங்கய்யா. மூக்குல டியூப் போட்டுட்டா பாலாடையும் வேணாம், ஸ்பூனும் வேணாம்.

செல்லூர் செவிலி:
டியூப் போட்டாலும் எச்சிலும், வயித்துல இருந்து மேல வர்றதும் நுரையீரலுக்குப் போகத்தான் செய்யும். நோய் முத்துனவங்களுக்கு டியூப் பரிந்துரைக்கலை, கையால பக்குவமா ஊட்டுங்கன்னு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே 2014-ல சொல்லிருச்சு. அதோட டியூப்பைப் பிடுங்குவாங்க, பிடுங்காம இருக்கக் கையைக் கட்டுவாங்க. அந்தக் கொடுமை எதுக்கு?

மேலூர்த் தம்பி, அந்தப் பேச்சை இங்க இழுக்காதீங்க. நான் கேட்டது பாலாடையைப் பத்தி.

திருமங்கலத்தண்ணே, கேப்பை மாவுக்கு என்ன காசு? தண்ணி மாதிரி இருக்கிறதுதான் முதல்ல தப்பான வழியில ஓடும். கஞ்சியைக் கேப்பைக்கூழ் பதத்துக்குக் காய்ச்சுங்க, ஸ்பூனைக் கவுத்தா ஒழுகாம மெதுவா வழுக்கி விழணும். முக்கியமா, எச்சில் ஸ்பூனைப் பாத்திரத்துல திரும்ப விடாதீங்க. எச்சில் பட்டா மாவுப்பொருள் நீர்த்துப்போகும், கால் மணியில கூழு தண்ணியாயிரும். சின்னக் கிண்ணத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கங்க. ரசஞ்சாதம் வேணாம், சோறு வாயில நிக்கும், ரசம் முன்னால ஓடிரும். பால்ல ஊறுன இட்லியும் அதே கதைதான். மசிச்சு ஒண்ணா ஆக்கிக் குடுங்க.

உசிலம்பட்டியார்:
எந்நேரமும் கெட்டியாவே குடுத்தா நீர்ச்சத்து போயி, மலம் இறுகி, மூத்திரத்துல கிருமி வந்து, புத்தி இன்னும் குழம்பும். அதுக்கு என்ன சொல்றீங்க?

விளாங்குடி பிசியோ:
அதுல நியாயம் இருக்கு. கெட்டி எவ்வளவுன்னு முழுங்குறதைச் சோதிச்சுப் பார்க்கிறவங்கதான் சொல்லணும், எல்லாருக்கும் ஒரே பதம் கிடையாது. செவிலியக்கா அடிச்சு விடுறாங்க.

செல்லூர் செவிலி:
அடிச்சு விடலை. முழுங்கத் தடுமாறுறவங்களுக்குத்தான் சொன்னேன். நீர்ச்சத்துக்குக் கெட்டியான மோரை ஒரே நேரத்துல இல்லாம நாள் பூரா பிரிச்சுக் குடுங்க. அவங்க தூக்க மாத்திரை மயக்கத்துல இருக்கையில மட்டும் வாயில எதுவும் குடுக்காதீங்க. முடிஞ்சதும் கன்னத்து உள்பக்கம் சோறு ஒதுங்கியிருக்கான்னு பார்த்து, ஈரத்துணியால துடைங்க. பல்செட்டைக் கழட்டிக் கழுவுங்க. வாய் அழுக்கு எச்சிலோட உள்ள போனாலும் நிமோனியாதான்.

மேலூர்க்காரன்:
மாத்திரைய பொடிச்சுக் கூழ்ல கலக்கலாமாக்கா?

செல்லூர் செவிலி:
எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்.னு போட்டிருந்தா பொடிக்கவே கூடாது, நாள் பூரா இறங்க வேண்டிய மருந்து மொத்தமா இறங்கிரும். வயித்து அமிலத்தைக் குறைக்கக் குடுக்கிற பேன்டாப் மாத்திரையையும் பொடிக்கக்கூடாது, மேல்பூச்சு போனா வயித்து அமிலத்துலயே வீணாயிரும். டாக்டர்கிட்ட மாத்துமருந்து கேளுங்க.

திருமங்கலத்தான்:
கூழு, மோரு, மாத்திரைன்னு எங்கெங்கயோ போயிட்டீங்க. பாலாடையில தப்பில்ல, சாய்க்கிறதுலதான் தப்பு. இதைத்தான் நானும் சொல்றேன்.

செல்லூர் செவிலி:
"தலைய மடியில சாச்சு" எழுதுனது யாருண்ணே? அந்தப் பதிவு இன்னும் அப்படியே கிடக்கு. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாலும் பாலாடையில எவ்வளவு விழுதுன்னு கை அறியாது.

திருமங்கலத்தான்:
பழகுன கை அறியும்.