நானுஓயா – ராகலைப் பழைய றெயில் பாதையில் குழு நடை: யாழ்ப்பாணத்திலிருந்து போறவைக்கு கோண்டாவில், சாவகச்சேரி, மானிப்பாய் ஆட்கள் மூவர் சொல்லுகிறவை

கோண்டாவில்:

எங்கடை பக்கத்தில் பழைய றெயில் பாதை நடை இனி இல்லை. காங்கேசன்துறைப் பாதை 1990 ஜூனில் யுத்தத்தால் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பங்கருக்குப் போய், பாதையின் மண் அணை மட்டும் கிடந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் றெயில் திரும்பி வந்துவிட்டது. ஓடுகிற பாதையில் ஆட்களை நடத்திக்கொண்டு போவது குற்றம், ஆபத்தும். நடக்க ஆசைப்பட்டால் மலையகம்தான்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை போனது 2 அடி 6 அங்குல அகலக் குறும்பாதை. 1903–04இல் திறந்து, 1940களில் மூடினார்கள். பிரதான பாதை 5 அடி 6 அங்குலம் என்றபடியால் தேயிலைப் பெட்டியை நானுஓயாவில் இறக்கி மற்ற றெயிலில் ஏற்றவேண்டியிருந்தது. லொறி வந்த பிறகு அந்த இரட்டை வேலை கட்டுப்படியாகவில்லை.

குழு நடைக்கு நானுஓயா – நுவரெலியாத் துண்டு போதும், ஏறக்குறைய 6 மைல். அதற்கு அங்கால் தார் வீதியும் மரக்கறித் தோட்டமும் பாதையை விழுங்கிய இடங்கள் வரும்.

வழிகாட்டிக்கு முதல் வேலை பாதையைத் தவறவிடாமல் இருப்பது. தோட்டத்துக் குறுக்குவழிகள் எல்லாப் பக்கமும் பிரியும். றெயில் திடீரென்று ஏறாது. நூறு அடிக்குள் மூச்சு வாங்கினால் அது றெயில் பாதை இல்லை, கொழுந்து எடுக்கிறவை ஏறுகிற படிவழி. திரும்பி வந்து, கல் மதகு எங்கே நிற்குது என்று பாருங்கள். பொளிந்த கல்லில் கட்டின மதகு பாதைக்குக் குறுக்கே வந்தால் சரியான இடம்.

அடுத்தது, மலைப்பக்கமாகவே நடக்கச் சொல்லுங்கள். பாதி அகலம் மலையை வெட்டியது, அது கெட்டி. மற்றப் பாதி வெட்டின மண்ணைக் கொட்டி நிரப்பினது. மதகு இலைகுழையால் அடைபட்டால் தண்ணி அந்தப் பக்கத்தைத்தான் அரிக்கும். மேலே புல்லு பச்சையாக நிற்கும், கீழே குழி. முன்னுக்குப் போறவர் தடியால் குத்திப் பார்த்தபடி போகவேணும்.

12 பேருக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள். முடக்கில் தலை வாலுக்குத் தெரியாது, ஆகவே முன்னுக்கு ஒராள், நடுவில் ஒராள், கடைசியில் ஒராள். மதகுக்கு மதகு தலை எண்ணுங்கள். விசில் ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் வா, மூன்று என்றால் யாருக்கோ காயம். கூப்பிட்டுக் கத்துகிற பழக்கம் வேண்டாம். சத்தம் மலையில் எந்தப் பக்கமிருந்து வருகுது என்று பிடிபடாது.

சாவகச்சேரி:

அண்ணை அட்டைக்கடியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எங்கடை ஆட்கள் மாட்டில் கடிக்கிற உண்ணியைப் பிடுங்குகிற மாதிரி அட்டையையும் பிடுங்கப் பார்ப்பினம். பிடுங்கினால் வாய்த்துண்டு உள்ளே நின்று புண்ணாகலாம். கடித்த முனைக்குப் பக்கத்தில் நகத்தை வைத்துத் தள்ளுங்கள், கழன்றுவிடும். உப்பும் நெருப்பும் கடித்த இடத்தில் வேண்டாம், அட்டை வயிற்றில் இருக்கிறதைக் காயத்துக்குள் கக்கும். பிறகும் இரத்தம் கசியும், அட்டையின் எச்சில் உறையவிடாது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். காற்சட்டைக் காலை சொக்ஸுக்குள் செருகி, சொக்ஸில் சவர்க்காரக் கட்டியைக் காய்ந்தபடி தேய்த்துவிட்டால் ஏறுகிறது குறையும்.

அட்டை தொந்தரவு, குளவிதான் ஆபத்து. தேயிலைத் தோட்டங்களில் குளவி கொட்டித் தொழிலாளர் சாகிறது செய்தியில் வருவதுதானே. கொழுந்து எடுக்கிற அக்காமாரிடம் கூடு எங்கே என்று கேட்காமல் மரங்களுக்குக் கீழே போகாதீர்கள், அவைக்குத் தெரியும். சென்ட் பூசிக்கொண்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பினாலும் தப்பில்லை. ட்ரோன் வேண்டவே வேண்டாம். குளவி கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஒரே திசையில் ஓடவேணும். கொட்டு வாங்கினவருக்கு மூச்சுத் திணறினாலோ உதடு வீங்கினாலோ நடையை விட்டுவிட்டு நேரே நுவரெலியா ஆசுபத்திரிக்கு.

மானிப்பாய்:

வயசான ஆட்கள் இருந்தால் திசையை மாற்றுங்கள். நுவரெலியா வரை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து நானுஓயாவுக்கு இறங்கினால் 240 மீற்றரளவு ஏற்றம் ஏறவேண்டியதில்லை, முடிகிற இடமும் ஸ்ரேசன். தட்டையான ஊரில் நடந்து பழகின முழங்காலுக்கு இறக்கமும் வலிக்கும்தான், ஆனால் மூச்சு முட்டாது. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணி, மழைக்கோட்டு, பிடிமானமுள்ள சப்பாத்து. செருப்போடு வருகிறவரை எடுக்காதீர்கள். காலை 7 மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேர மழைக்கும் மூட்டத்துக்கும் முன்னம் முடியும்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம், ஆனால் இரவில் குளிர் 10 பாகைக்குக் கீழேயும் போகும், சுவெற்றர் இல்லாமல் போகாதீர்கள். ஏப்ரலில் சீசன், அறை வாடகை ஏறிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து றெயிலில் போறவை கொழும்புக் கோட்டை வரை போகத் தேவையில்லை. பொல்காவலையில் இறங்கி, நானுஓயா வழியாகப் போகிற பதுளை றெயில் பிடிக்கலாம். நீங்கள் ஏறுகிற றெயில் அங்கே நிற்குமோ என்று டிக்கெற் எடுக்கும்போதே கேளுங்கள். மண்சரிவு வந்தால் மலைநாட்டுப் பாதை நாள்கணக்கில் மூடிக்கிடக்கும், முதல்நாள் ஸ்ரேசனுக்கு ஒரு போன் போடுங்கள்.

கோண்டாவில்:

தோட்டத்துக்குள்ளால் போகிற துண்டுக்கு முதலே தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயத்து முற்றத்தால் வழி போனால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் போகவேணும், படமும் அப்படித்தான்.