நோம்பிக்குப் பாட்டுப் போட்டபோது சத்தம் ஏறி இறங்கிய அனுபவம்

கோபி பக்கம் சின்னதாக ரேடியோ செட் (விசேஷங்களுக்குப் பாட்டுப் போடுகிற மைக் செட்) வைத்திருக்கிறேன். போன பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி. பூச்சாட்டின நாளிலிருந்து காலை 5 மணிக்கே பாட்டுப் போட்டாக வேண்டும். ஒரு கடையில் பென்டிரைவில் ஏற்றி வாங்கின பாட்டுகள்தான். பழைய கேசட்டிலிருந்து எடுத்த பக்திப் பாட்டு முணுமுணுவென்று வரும், சரி என்று ஆம்ப்ளிஃபயரைத் திருகி ஏற்றி வைத்துவிட்டு டீக் குடிக்கப் போனால், அடுத்த பாட்டு இடி விழுந்த மாதிரி வேப்பமரத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும். மூன்றாம் நாள் ஒரு குழாயின் யூனிட் போய்விட்டது. அதைவிட, பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த அம்மிணி வந்து, "ஏனுங்ணா, பாட்டு வேண்டாம்னு சொல்லலைங்க, ஒரே சீராப் போடுங்க" என்று சொன்னதுதான் மனசில் நின்றது.

அன்று ராத்திரியே மச்சான், எம்பி3 பாட்டுகளின் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவருகிற எம்பி3கெயின் போர்ட்டபிள் என்கிற மென்பொருளைக் கொடுத்தார். எதையும் நிறுவ வேண்டியதில்லை, பாட்டு இருக்கிற பென்டிரைவிலேயே ஒரு ஃபோல்டராகக் கிடக்கும். நோம்பி, கல்யாணம், காதுகுத்து என்று ஊர் ஊராகப் போகிற எனக்கு இது பெரிய வசதி, அங்கே யாருடைய விண்டோஸ் லேப்டாப் கிடைத்தாலும் சொருகி ஓட்டிவிடலாம்.

முதலில் அளந்து மட்டும் பார்த்தேன். பழைய பாட்டு ஒன்று 81.6 டெசிபல், புதுசு ஒன்று 97.4. ஆம்ப்ளிஃபயர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. மென்பொருளில் இலக்கு 89 என்று வைத்தே வருகிறது. நான் குழாய்க்குப் பத்தாது என்று 97 வைத்தேன், பாதிப் பாட்டு சிவப்பாகிவிட்டது. அப்படி என்றால் உச்ச சத்தம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும் என்று அர்த்தம். திரும்ப 89க்கே வந்தேன், குறைகிற சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் ஒரே தடவை ஏற்றிக்கொண்டால் போச்சு. அதிலும் ஒன்றிரண்டு பழைய பாட்டு சிவப்பாகவே நின்றது, அவற்றை மட்டும் சிவப்பு போகிற அளவுக்கு இறக்கிவிட்டேன்.

பாட்டைப் பிரித்துத் திரும்பச் சுருக்குவதில்லை என்பதால் தரம் குறையாது. எம்பி3 கோப்பின் ஒவ்வொரு துண்டிலும் சத்த அளவுக்கு என்று ஓர் எண் இருக்கிறது, அதை மட்டும் 1.5 டெசிபல் படிகளாக ஏற்றி இறக்குகிறது. அதனால் எந்தப் பழைய பிளேயரில் போட்டாலும் வேலை செய்யும். கடைசி நாள் மாவிளக்கு எடுக்கிற வரைக்கும் திருகைத் தொடவே இல்லை.

— — —

பல்லடத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணா, "டிராக்" கெயினா (ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக இலக்குக்குக் கொண்டுவருவது), "ஆல்பம்" கெயினா (எல்லாப் பாட்டையும் ஒரே அளவு ஏற்றி இறக்குவது) என்று நீங்கள் சொல்லவில்லை. தனித்தனிப் பாட்டுக்கு டிராக் சரி. ஆனால் எங்கள் அப்பச்சி பதிந்து வைத்த அண்ணன்மார் கதை, உடுக்கடிப் பாட்டு, மொத்தம் 14 கோப்பு. அதற்கும் நான் டிராக் கெயின் போட்டுத் தொலைத்தேன். படுகளத்தில் தங்காள் அழுகிற இடம் உடுக்கை நின்று, குரல் அடங்கி, மூச்சு விடுவது வரை கேட்கும். அது சண்டை நடக்கிற கோப்புக்குச் சமமாகச் சத்தமாகிவிட்டது. கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது, வேறு பிரதி கிடையாது. நல்லவேளை, எம்பி3கெயின் தான் செய்த மாற்றத்தைக் கோப்பிலேயே குறித்து வைத்துக்கொள்கிறது, திரும்பப் பழையபடி ஆக்க வழி இருந்தது. அப்புறம் ஆல்பம் கெயின் போட்டேன், 14 கோப்பும் ஒரே அளவு ஏறின, அழுகை அழுகையாகவே இருக்கிறது. ஒரே ஆள் தொடர்ச்சியாகப் பாடினது எதுவானாலும் ஆல்பம்தான் போடுங்க. பிரதி எடுத்து வைக்காமல் தொடாதீங்க.

— — —

இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்க. தமிழில் பெயர் வைத்த கோப்பு எதையும் என் கணினியில் எம்பி3கெயின் எடுக்கவே இல்லை. பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றினதும் எடுத்தது. செல்லில் பதிகிற எம்4ஏவும் அப்படியே போட்டால் ஆகாது, எம்பி3 மட்டும்தான்.