இயற்பியல் படிக்க ஆசைப்படும் மகள்: எந்தெந்தக் கல்லூரிகளைப் பட்டியலில் வைப்பது?

தென்காசி அப்பா (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். மகள் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கிறாள். கணிதம், கணினி அறிவியல் பிரிவு, ஆங்கில வழி. காலாண்டுத் தேர்வில் கணிதம் 97, இயற்பியல் 94. உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. காலேஜில் இயற்பியல்தான் படிப்பேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப் போகிற முதல் ஆள் அவள்தான். வெளியூர் அனுப்பத் தயங்க மாட்டோம், ஆனால் தனியார் பல்கலைக்கழகம் கேட்கிற பணம் எங்களால் முடியாது.

அவளே நோட்டில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள்: பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் நிறுவனம்), ஐஐடி மெட்ராஸ், ஏழு ஐசர்கள் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள்). "ஒன்பது இருக்கே, போதும்ப்பா" என்கிறாள். வகுப்பாசிரியை போதாது என்கிறார். மைத்துனர் பாதுகாப்புக்கு இன்ஜினியரிங் போடச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விதுரா பேட்ச்:

அண்ணா, நான் திருவனந்தபுரம் ஐசரில் படித்தவன். உங்களுக்குச் சென்னையை விட அது எவ்வளவோ பக்கம். செங்கோட்டை, தென்மலை, குளத்துப்புழை வழியாகப் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே திரும்பினால் விதுரா, ஐசர் வளாகம் அங்கேதான்.

ஐசர் நுழைவுத் தேர்வான ஐஏடியில் 60 கேள்வி, மூன்று மணி நேரம். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. சரியான விடைக்கு 4, தவறினால் 1 குறையும். உயிரியலையும் சேர்த்துத்தான் மொத்தம் போடுவார்கள். தங்கச்சி இப்போதே என்சிஇஆர்டி உயிரியல் புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டும். உள்ளே போன பிறகும் முதல் சில செமஸ்டர் எல்லா அறிவியலும் படித்துவிட்டுத்தான் இயற்பியல் பக்கம் முழுதாக வர முடியும். இதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

சோடியம் விளக்கு:

இயற்பியல் துறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் ஒன்பது பெயர் இருந்தாலும் வழி இரண்டுதான் சார். ஏழு ஐசருக்கும் ஒரே தேர்வு. ஐஐடி மெட்ராஸில் இன்ஜினியரிங் பிசிக்ஸ் பி.டெக் உண்டு, அதற்கு ஐஐடிகளின் நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். ஐஐஎஸ்சிக்குத் தனி விண்ணப்பம் என்றாலும் ஜேஇஇ அல்லது ஐஏடி மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். ஐஏடி அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரே காலையில் ஏழு பெயரும் போய்விடும். அதனால் பட்டியலைக் கல்லூரிக் கணக்கில் போடாமல் தேர்வுக் கணக்கில் போடுங்கள்.

முதலில் நெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வைச் சேருங்கள். புவனேஸ்வர் நைசர், மும்பை கலீனாவில் இருக்கும் சிஇபிஎஸ் என்ற இரண்டு அறிவியல் நிறுவனங்களுக்கும் அதுதான் தேர்வு. இரண்டும் அணுசக்தித் துறையைச் சார்ந்தவை, ஐந்தாண்டு எம்.எஸ்சி. நான்கு பாடத்தில் சிறந்த மூன்றைத்தான் தரவரிசைக்கு எடுக்கிறார்கள் என்பதால் உயிரியல் படிக்காத பிள்ளைக்கு ஐஏடியை விட இது தோது. உங்கள் மகள் பட்டியலில் இது விட்டுப்போனதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்து சிறுசேரியில் சிஎம்ஐ, அதாவது சென்னை கணிதவியல் நிறுவனம். அங்கே கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.எஸ்சி ஹானர்ஸ் இருக்கிறது. தேர்வில் படிப்படியாகக் காரணம் காட்டி எழுத வேண்டிய கணக்குகள் வரும். பள்ளியில் வாங்கும் 97 அதற்கு அளவுகோல் ஆகாது. பழைய கேள்வித்தாள்களை அவர்கள் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் உட்கார்ந்து பார்க்கட்டும். விடை வராவிட்டாலும் விட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாள் என்றால் விண்ணப்பம் போடுங்கள். அலுத்துப்போனால் வேண்டாம்.

நடுவில் வைக்க திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி இயற்பியலுக்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான க்யூட் வழியாகச் சேரலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் இதைத் தவறவிடுவதற்கு ஒரே காரணம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு விசாரிப்பதுதான். க்யூட் பதிவு ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும்.

இனி பட்டியலின் கடைசி வரிக்கு வருகிறேன். எல்லோரும் மேலிருந்து எழுதிக்கொண்டு வந்து, கடைசி வரியில் பஸ் வசதியைப் பார்த்து ஏதோ ஒரு பெயரைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் நிறையப் பிள்ளைகள் போய்ச் சேர்வது அந்தக் கடைசி வரியில்தான். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் முதலான பழைய கல்லூரிகள் இருக்கின்றன. எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

அரையாண்டுத் தேர்வு நெருங்குவதற்குள் ஒரு வேலை நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆபீஸில் பேசிவிட்டுத் திரும்பிவிடாமல் இயற்பியல் துறைக்குப் போய் ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒளி விலகும் கோணத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி ஒன்றுக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். ஒருத்தி அளக்க மற்ற மூன்று பேர் எழுதிக்கொண்டால் அந்த மூன்று பேரும் அன்றைக்கு எதுவும் படிக்கவில்லை. இருட்டறையில் சோடியம் விளக்கு எரிகிறதா? ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங் தட்டில் இரண்டாம் வரிசைக்குப் போனால் அந்த மஞ்சள் கோடு 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் என இரண்டாகப் பிரிந்து தெரியும். பார்த்திருக்கிறாயா என்று அங்கே நிற்கும் ஒரு மாணவியிடம் உங்கள் மகளே கேட்கட்டும். கண்ணால் பார்த்தவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவாள்.

அப்புறம் ரெக்கார்டு நோட்டு. இரண்டு மூன்று பேருடையதை வாங்கிப் பாருங்கள். முப்பட்டகத்தின் கோணம் எல்லா நோட்டிலும் அச்சடித்தாற்போல் 60° 0′ என்று இருந்தால் அது பார்த்து எழுதியது. ஒரு நிமிடக் கோணத்தை, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைக் காட்டும் வெர்னியர் அளவுகோல் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இருக்கிறது. கையால் அளந்தால் ஒருத்திக்கு 59° 48′ வரும், இன்னொருத்திக்கு 60° 10′ வரும். எண்கள் இப்படி முன்னே பின்னே இருக்கிற துறையில் தயங்காமல் சேருங்கள்.

எம்.எஸ்சி இயற்பியலும் இருக்கிற துறையாக இருந்தால் இன்னும் நல்லது, நூலகமும் கருவிகளும் கூடவே வரும். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்று கேட்பதில் தப்பே இல்லை. போன வருஷம் பி.எஸ்சி முடித்தவர்களில் யாராவது ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிக்கு எம்.எஸ்சி போனார்களா என்று கேளுங்கள். ஒருத்தி போயிருந்தாலும் அந்த வழி தெரிந்த ஆசிரியர் அங்கே ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். பி.எஸ்சி முடித்து ஜெஸ்ட் என்ற தேர்வு எழுதி தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் ஒருங்கிணைந்த பிஎச்.டி சேரவும் வழி உண்டு. ப்ளஸ் டூவில் கை நழுவினால் எல்லாம் போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பணத்துக்கு இரண்டு விஷயம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். போர்டு தேர்வில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை, ஆண்டுக்கு 80,000 ரூபாய். உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி சேர்ந்தாலும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அந்தந்த ஆண்டு அறிவிப்பை மட்டும் தவறவிடாதீர்கள்.

கோவை பொறியாளர்:

மேடம் சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான டிஎன்இஏ கவுன்சலிங்கும் போட்டு வையுங்கள் சார். நுழைவுத் தேர்வு கிடையாது, கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே கட்-ஆஃப். தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

தென்காசி அப்பா:

அம்மா, இரண்டு தடவை படித்தேன், மகளும் படித்தாள். ரொம்ப நன்றி. ஒரு பயம் மட்டும் இருக்கிறது. ரிசல்ட் வந்ததும் மே மாதமே உள்ளூர்க் கல்லூரியில் அட்மிஷன் தொடங்கிவிடும். டிசி, மார்க் ஷீட் எல்லாம் கொடுத்துச் சேர்ந்த பிறகு ஜூலையில் ஐசரோ நைசரோ கிடைத்தால் திருப்பித் தருவார்களா? இன்ஜினியரிங் பற்றியும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சோடியம் விளக்கு:

இந்தப் பயத்தினாலேயே கிடைத்த இடத்தை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதனால் நன்றாகக் கேட்டீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்திருக்கிறது. விலகினால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டணம் திரும்ப வரும் என்பதற்கும் விதி இருக்கிறது. சேரும் அன்றைக்கே "வேறு தேர்வு எழுதியிருக்கிறாள், கிடைத்தால் போவாள்" என்று முதல்வரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் பிறகு மனக்கசப்பு வரும். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். சான்றிதழ் ஒவ்வொன்றையும் கொடுப்பதற்கு முன் ஸ்கேன் எடுத்து, சில நகல்களில் சான்றொப்பமும் வாங்கி வையுங்கள்.

இன்ஜினியரிங் விண்ணப்பம் போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். உங்கள் மகள் கேட்பது இயற்பியல். எந்தத் தேர்வும் கைகொடுக்காவிட்டால் நல்ல ஆய்வகம் உள்ள பி.எஸ்சியா, கவுன்சலிங்கில் கிடைக்கிற ஏதோ ஒரு பிரிவா என்று ஜூலை மாத அவசரத்தில் மாமாவும் சித்தப்பாவும் கூடி முடிவெடுக்கக் கூடாது. இப்போதே அவளிடம் கேட்டு, அவள் சொல்வதைத் தேதி போட்டு அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள்.

தென்காசி அப்பா:

கேட்டேன் அம்மா. பி.எஸ்சி என்றுதான் சொன்னாள், எழுதியும் வைத்துவிட்டாள். பட்டியலை மாற்றி, கீழிருந்து தொடங்கியிருக்கிறாள். முதல் வரி குற்றாலம், அடுத்து பாளையங்கோட்டை, அப்புறம் திருவாரூர், நெஸ்ட், ஐஏடி. ஜேஇஇக்குத் தனியாகத் தயாராகவில்லை என்பதால் அதை எடுத்துவிட்டாள். சிஎம்ஐக்குக் கேள்விக்குறி போட்டிருக்கிறாள், வருகிற ஞாயிறு அந்தத் தாளைப் பார்க்கப் போகிறாளாம். விதுரா தம்பி, உயிரியலில் எங்கிருந்து தொடங்கட்டும் என்று கேட்கிறாள்.

விதுரா பேட்ச்:

பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் செல் பற்றிய பாடங்களிலிருந்து தொடங்கட்டும் அண்ணா, அப்புறம் பன்னிரண்டில் மரபியல். அவள் ஏற்கெனவே படித்த வேதியியல் அங்கே உதவும். 15 கேள்வியையும் தொட வேண்டும் என்பதில்லை. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் போட்டுவிட்டு மீதி நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.