பழைய அவுட்போர்ட் படகில் ஸ்டீயரிங் மாற்றம்: வேலையில் கண்டவை

(பழைய படகுகளைச் சரிசெய்யும் சிலர் மாறிமாறிச் சொன்னவை. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது சொன்னவரின் புனைபெயர். அவுட்போர்ட் என்றால் படகின் பின்பலகையில் வெளியே மாட்டிய மோட்டார்.)

ஏரிக்கரை:
1970களிலும் 80களிலும் கட்டிய 16, 17 அடி ஃபைபர் படகுகள் அமெரிக்க, கனடிய ஏரிகளில் இன்னும் நிறைய ஓடுகின்றன. குளிர்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த படகை மே மாதம் இறக்கினால் ஸ்டீயரிங் சக்கரம் இம்மியும் அசையாது. உடனே கேபிளுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் மோட்டாரைத் திருப்பும் ஹைட்ராலிக் கிட் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். இறுக்கம் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சக்கரத்திலிருந்து வரும் கேபிளின் முனையையும் மோட்டாரையும் இணைக்கும் லிங்க் ராடைக் கழற்றுங்கள். மோட்டாரைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். லேசாகத் திரும்பினால் கோளாறு கேபிளிலோ, கேபிள் முனையின் தண்டு நுழையும் டில்ட் டியூபிலோ (மோட்டாரைத் தூக்கும்போது அது சாயும் குறுக்குக் குழாய்) இருக்கிறது. மோட்டாரே திரும்ப மறுத்தால் அது சுழலும் அச்சில் பழைய கிரீஸ் இறுகிப்போய்விட்டது. அப்படி இருக்கும்போது புதுக் கேபிள் போட்டாலும் சக்கரம் இறுக்கமாகவேதான் இருக்கும். ஹைட்ராலிக் போட்டால் இன்னும் மோசம். அதன் பலத்தில் மோட்டார் திரும்பிவிடும், உள்ளே தேய்வது வெளியே தெரியாது. அந்த அச்சைத் தாங்கும் ஸ்விவல் பிராக்கெட்டில் உள்ள கிரீஸ் நிப்பிள்களில் (கிரீஸ் ஏற்றும் சிறு முனைகள்) கிரீஸ் துப்பாக்கியை வைத்து, பழைய பழுப்புக் கிரீஸ் முழுக்க வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஏறவில்லை என்றால் ஹீட் கன் கொண்டு அந்த இடத்தைச் சூடாக்கி, மோட்டாரை அசைத்து அசைத்து மறுபடி முயலுங்கள்.

பத்தில் ஏழெட்டுப் படகுகளில் குற்றவாளி டில்ட் டியூப்தான் என்பது என் கணிப்பு. கேபிள் தண்டு துருப்பிடிக்காத எஃகு, 5/8 அங்குலக் கனம். அதைச் சுற்றியுள்ள குழாயில் துருவும் காய்ந்த கிரீசும் சேர்ந்து சிமெண்டு போலப் பிடித்துக்கொள்ளும். குழாய் நட்டைக் கழற்றிவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை ஒரு இரவு ஊறவிட்டுத் தட்டி எடுக்கலாம். தண்டின் முனையில் சுத்தியலால் நேரடியாக அடிக்க வேண்டாம். முனை நசுங்கி அகன்றுவிட்டால் அது குழாய் வழியாக வரவே வராது. கட்டைத் துண்டு வைத்துத் தட்டுங்கள்.

தண்டு வெளியே வந்ததும் துப்பாக்கிக் குழல் துடைக்கும் பித்தளை பிரஷை ஒரு கம்பியில் மாட்டி, குழாயின் உட்புறம் பளபளக்கும்வரை தேயுங்கள். துணியால் துடைத்துவிட்டு மரைன் கிரீஸ் பூசுங்கள்.

* * *

டிரான்சம்:
மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. டில்ட் டியூபில் நிப்பிள் வழியாகக் கிரீஸ் அடிக்கும்போது தண்டு முழுதாகக் குழாய்க்குள் இழுபட்ட நிலையில் இருக்க வேண்டும். தண்டு வெளியே நீட்டியிருக்கும்போது அடித்தால் உள்ளே இருக்கும் காலியிடம் கிரீசால் நிரம்பிவிடும். பிறகு தண்டு திரும்பி வர இடமில்லை, ஸ்டீயரிங் நடு ஏரியில் பூட்டிக்கொள்ளும்.

கேபிளின் உட்புறம் தொழிற்சாலையிலேயே அடைக்கப்பட்டது. அங்கே எண்ணெய் விடுவதில் பயனில்லை. தண்டைக் குழாயிலிருந்து எடுத்த பிறகும் சக்கரம் இறுக்கமாக இருந்தால் கேபிள் முடிந்தது என்று பொருள். மேலுறை வெடித்தோ துருவால் ஓரிடத்தில் புடைத்தோ இருந்தால், எவ்வளவு லேசாகச் சுற்றினாலும் அன்றைக்கே மாற்றுங்கள்.

* * *

கயிறும் கப்பியும்:
1950கள், 60களின் படகு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. அவற்றில் பல, பிளாஸ்டிக் பூசிய கம்பிக்கயிறும் கப்பியும் ஸ்பிரிங்கும் கொண்ட ஸ்டீயரிங்குடன் வந்தவை. அன்றைய சிறிய மோட்டாருக்கு அது போதும். பின்னால் 60 குதிரைசக்தி மாட்டிய பிறகு போதாது. இற்றுப்போவது பெரும்பாலும் கப்பியைப் பிடித்திருக்கும் மரம்தான். பின்பலகை ஓரத்தில் ஸ்க்ரூ பிடிக்கும் மரம் ஊறிப் பஞ்சாகியிருக்கும். ஒரு கப்பி பிடுங்கிக்கொண்டால் கயிறு தளரும், மோட்டார் ஒரு பக்கமாக முழுதாகத் திரும்பும், உட்கார்ந்திருப்பவர் தண்ணீரில். பிளாஸ்டிக் பூச்சுக்குள் கம்பி அறுந்துகொண்டிருப்பது கண்ணுக்கும் தெரியாது. இதைப் பழமைக்காக வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் சிலவற்றில் கேபிள் நுழைய டில்ட் டியூபே கிடையாது. அவற்றுக்குப் பின்பலகையிலோ மோட்டாருக்கு முன்னுள்ள பள்ளமான தொட்டியிலோ கேபிளைப் பிடிக்கும் தனி பிராக்கெட் கிட் தேவை. மோட்டார் மாடல் எண்ணைப் பார்க்காமல் கேபிளை வாங்காதீர்கள்.

* * *

ஏரிக்கரை:
கேபிள் அளவில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். பழைய கேபிளின் உறையில் எண் அச்சிட்டிருந்தால் பாருங்கள். டெலிஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் எஸ்எஸ்சி62 வகையில் கடைசி இரண்டு இலக்கம் அடிக்கணக்கு. 6215 என்றால் 15 அடி. எண் அழிந்திருந்தால் பிளாஸ்டிக் உறையின் நீளத்தை மட்டும் அளந்து, சுழல் வகை ஹெல்முக்கு (சக்கரத்துக்குப் பின்னால் கேபிளை இயக்கும் பெட்டி) 18 அங்குலம் கூட்டுங்கள். நேரான பற்சட்டம் உள்ள ரேக் வகைக்கு 30 அங்குலம்.

கயிற்றிலிருந்து மாறுபவருக்குப் பழைய கேபிள் இருக்காது. அவர் மூன்று அளவு எடுக்க வேண்டும். சக்கரத்தின் மையத்திலிருந்து படகின் பக்கவாட்டு விளிம்புவரை ஒன்று, அங்கிருந்து விளிம்போடு பின்பலகைவரை ஒன்று, பிறகு டில்ட் டியூபின் மையம்வரை ஒன்று. மூன்றையும் கூட்டி, ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் 4 அங்குலம் கழித்து, டில்ட் டியூப் வழியாகப் போவதற்கு 6 அங்குலம் சேர்க்க வேண்டும். 18, 132, 24 வந்தால் கூட்டு 174. இரண்டு வளைவுக்கு 8 போக, 6 சேர்த்தால் 172 அங்குலம். 14 அடிக்குக் கொஞ்சம் மேலே, ஆகவே 15 அடி கேபிள். குட்டையாக வாங்கினால் வளைவு இறுகும். வளைவின் ஆரம் 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் புதுக் கேபிளே பழையது போலக் கனக்கும்.

பழைய ஹெல்மில் புதுக் கேபிளை மாட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. பூட்டும் முறை தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது, பொருந்தாது. ஹெல்ம், அதை டாஷ்போர்டில் பொருத்தும் பெசல், கேபிள் மூன்றும் சேர்ந்த கிட்டாகவே வாங்குங்கள். அதிலும் நோ-ஃபீட்பேக் வகையைத் தேர்ந்தெடுங்கள். புரொப்பல்லரின் முறுக்கம் சக்கரத்துக்கு ஏறாமல் அது பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்கக் கை ஒரு பக்கம் இழுபடும் தொல்லை அதோடு போகும். சக்கரம் பெரும்பாலும் 3/4 அங்குலக் கூம்பு அச்சில்தான் உட்காரும், ஆகவே பழைய சக்கரத்தையே திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

புதுத் தண்டை உள்ளே செலுத்த, தொட்டியின் பக்கச் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே தண்டின் நீளத்துக்கு இடம் வேண்டும். பல படகுகளில் அந்த இடம் இராது. மோட்டாரைப் பாதி தூக்கிக் கோணம் கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்திச் செயின் பிளாக்கில் சில அங்குலம் உயர்த்துவதுதான் வழி. இதை முன்கூட்டியே அளந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையில் தெரியவந்தால் வேலை அப்படியே நின்றுவிடும்.

* * *

டிரான்சம்:
லிங்க் ராடின் நட்டுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். சாதாரண நட் கூடவே கூடாது. உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுதான், அதுவும் ஒவ்வொரு முறையும் புதியது. மெர்க்குரி மோட்டாரில் மோட்டார் பக்கத்து நட்டை 20 அடி-பவுண்டுக்கு இறுக்க வேண்டும். கேபிள் முனையில் இருப்பதை உட்காரும்வரை இறுக்கிக் கால் சுற்றுத் திருப்பிவிட வேண்டும், அந்த மூட்டு அசைய இடம் வேண்டும் அல்லவா. டில்ட் டியூபில் கேபிள் நட் 35 அடி-பவுண்டு. வேறு மோட்டார் என்றால் அதன் கையேட்டு எண்.

* * *

நீலநிற எண்ணெய்:
ஹைட்ராலிக் எப்போது தேவை? மணிக்கு 50 மைல் வேகத்தைத் தாண்டும் படகுக்கு ஒற்றைக் கேபிள் போதாது. 40, 50 குதிரைசக்தி மீன்பிடிப் படகுக்கு நல்ல நோ-ஃபீட்பேக் கேபிளே நிறைவு, மிச்சப் பணத்தில் பின்பலகையைச் சரிசெய்யலாம். நடுவில் இருப்பவர்களுக்கு டொமெட்டிக் நிறுவனத்தின் பேஸ்டார் ஹைட்ராலிக் கிட் 150 குதிரைசக்திவரை தாங்கும், அதற்கு மேலே சீஸ்டார். மோட்டாரைத் தள்ளித் திருப்பும், முன்புறம் பூட்டும் சிலிண்டர் அதே டில்ட் டியூபில்தான் ஏறுகிறது. ஆகவே மேலே சொன்ன சுத்தம் செய்யும் வேலை இதற்கும் தப்பாது. மோட்டாரை முழுதாகத் தூக்கும்போது சிலிண்டர் தொட்டியின் சுவரில் முட்டுகிறதா என்று வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள்.

இணைப்புகளில் டெஃப்லான் நாடா சுற்றாதீர்கள். இழை பிய்ந்து ஹெல்மின் வால்வில் மாட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் வழுக்கும். திரவச் சீலன்ட் மட்டும், அதுவும் முதல் இரண்டு மரையை விட்டுப் பூசுங்கள். பிரேக் எண்ணெயை ஒருபோதும் ஊற்றாதீர்கள், சீல்கள் கெட்டுவிடும்.

காற்று வெளியேற்ற இருவர் வேண்டும். எண்ணெய் பாட்டிலைக் குழாயோடு ஹெல்மின் மேல் தலைகீழாகப் பூட்டி, அடியில் ஓட்டை போட்டு, குமிழி நிற்கும்வரை காத்திருங்கள். சக்கரத்தை வலஞ்சுழியாகச் சுற்றி, சிலிண்டரின் தண்டு வலப்பக்கம் முழுதாக வெளிவரச் செய்யுங்கள். வலது பிளீடரை (காற்றை வெளியேற்றும் திருகு) திறந்து, சிலிண்டர் நகராமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் இடஞ்சுழியாகச் சுற்றட்டும். குமிழி இல்லாத எண்ணெய் வந்ததும், சுற்றிக்கொண்டிருக்கும்போதே மூடுங்கள். பிறகு இடஞ்சுழியாகச் சுற்றித் தண்டை இடப்பக்கம் கொண்டுபோய், இடது பிளீடரில் இதையே தலைகீழாகச் செய்யுங்கள். பாட்டில் நடுவில் காலியாகிக் காற்று இழுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முடிந்த பிறகு சக்கரத்தைக் கோடிவரை சுற்றி அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிங் போல மெத்தென்று இருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

* * *

கயிறும் கப்பியும்:
எல்லாம் மாற்றிய பிறகும் படகு ஒரு பக்கம் இழுத்தால், புரொப்பல்லருக்கு மேலே கிடையாக உள்ள கேவிட்டேஷன் தட்டுக்கு அடியில், சிறிய துடுப்பு போல இருக்கும் டிரிம் டேபைப் பாருங்கள். வலப்பக்கம் சுலபமாகத் திரும்பினால் அதன் பின்விளிம்பை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். ஒரு தடவைக்குச் சிறிதளவுதான், பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

* * *

ஏரிக்கரை:
தண்ணீரில் இறக்குமுன் டிரெய்லரிலேயே ஒரு சோதனை. மோட்டார் கீழே இருக்கும்போது ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்புங்கள், பாதி தூக்கி ஒருமுறை, முழுதாகத் தூக்கி ஒருமுறை. ஹோஸும் பெட்ரோல் குழாயும் பேட்டரி வயரும் எந்த நிலையிலும் இழுபடவோ நசுங்கவோ கூடாது. ஓட்டும்போது, ஓட்டுபவர் விழுந்தால் மோட்டாரை அணைக்கும் கில் சுவிட்சின் கயிறு உடம்பில் இருக்கட்டும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகில் அந்தச் சுவிட்ச் இருந்தால் மாட்டியே ஆக வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டையும் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள், ஹெல்மில் எண்ணெய் மட்டம் இறங்கியிருந்தால் நிரப்புங்கள்.