ஓடை மின்சாரம்: லயத்து ஆட்களுக்கு விளக்க உதவி வேண்டும்

அண்ணமார், அக்காமார்,
ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து ஓடையில் சிறு நீர்மின் திட்டம் போடப் பார்க்கிறோம். நீரோட்டத்தை அளக்க வைத்த 90 பாகை வி-வெட்டுப் பலகையில் (V வடிவில் வெட்டிய பலகை) தண்ணீர் 20 சென்டிமீட்டர் உயரம் நிற்கிறது, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 25 லீட்டர். இறக்கம் 30 மீட்டர். 10 லீட்டரை ஓடையிலேயே விட்டால், பாதி வினைத்திறனில் 2.2 கிலோவாட். லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) 20 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 110 வாட்: பல்பு, டிவி ஓடும்; ரைஸ் குக்கர் ஓடாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், வோல்டேஜ் விழும் முதல் இரவே நம்பிக்கையும் விழுந்துவிடும்.

ஆட்களின் பெரிய பயம் பீலித் தண்ணீர்தான், அதாவது ஓடையிலிருந்து குழாயில் லயத்துக்கு வரும் தண்ணீர். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு சென்கிளேயர் அருவி மெலிந்ததைப் பார்த்த ஆட்களிடம் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் தடுப்பணையில் பீலிக் குழாயின் வாயை டர்பைன் குழாயைவிடத் தாழ்வாக வைக்கிறோம். தண்ணீர் இறங்கினால் முதலில் நிற்பது மின்சாரம், பீலி அல்ல.

மேலே சொன்னது டிசம்பர் அளவு. பெப்ரவரி, மார்ச் வறட்சியில் எடுத்த அளவு யாரிடமாவது இருக்கிறதா? லோட் கன்ட்ரோலர் (மின்சுமையைச் சீராக வைக்கும் கருவி) பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் உண்டா? தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் வரக்கூடிய மாதிரி கூட்டத்தை எப்போது வைப்பது? ஆண்கள் மட்டும் தலையாட்டிய திட்டத்துக்குப் பீலியடியில்தான் சண்டை வரும்.