கிட்னி மாற்றியவர்களுக்குத் தரும் மருந்தை வலிப்பு வரும் பையனுக்கு ஏன் எழுதுகிறார்கள்?

தேனிக்காரி:
அக்கா பையனுக்கு 6 வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு ஆரம்பித்துவிட்டது, உடம்பில் அங்கங்கே வெள்ளைத் திட்டு வேறு, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து ட்யூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்று சொன்னார்கள். இரண்டு வலிப்பு மருந்து கொடுத்தும் கட்டுப்படவில்லை. இப்போது மூளைக்குள் நீர் நிற்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி வளர்கிறதாம், எவரோலிமஸ் ஆரம்பிக்கலாம் என்கிறார் நரம்பியல் டாக்டர். மருந்துக் கடையில் "இது கேன்சருக்குத் தருவதாச்சே" என்றார்கள். கிட்னி மாற்றிய சொந்தக்காரர் ஒருவர் "எனக்கும் இதுதானே கொடுத்தாங்க" என்கிறார். அக்கா பயந்துபோய் மாத்திரையை வாங்காமலே வந்துவிட்டாள். டாக்டர் எம்டார் பாதை, அதற்குப் பிரேக் இல்லை என்று படம் போட்டுக் காட்டினாராம், அவளுக்குப் பாதிதான் புரிந்தது. பையனுக்குப் புற்றுநோயா? ஒரே மருந்து எப்படி மூன்று வியாதிக்கு? கட்டி சுருங்கியதும் நிறுத்திவிடலாமா?

ஆய்வக_எலி:
புற்றுநோய் இல்லை, முதலில் அதை அக்காவிடம் சொல்லிவிடுங்கள். இந்த நோயில் மூளையின் அந்த இடத்தில் வரும் கட்டி பொதுவாக மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் இடம் மோசம். மூளை நீர் வடிகிற சின்னத் துளையின் வாசலிலேயே அது உட்கார்ந்திருக்கும், பெரிதானால் நீர் தேங்கித் தலைக்குள் அழுத்தம் ஏறும். மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அதனால்தான்.

டாக்டர் சொன்ன பிரேக் சரியான உதாரணம். நம் செல்கள் எல்லாவற்றிலும் எம்டார் என்ற புரதம் உண்டு. அமினோ அமிலம் போதுமான அளவு இருக்கிறதா, இன்சுலின் மாதிரி வளரச் சொல்லும் சேதி வெளியிலிருந்து வந்ததா, கையில் ஆற்றல் உண்டா என்று பார்த்து, எல்லாம் இருந்தால் புதுப் புரதம் செய், பெரிதாகு என்று செல்லுக்கு உத்தரவு போடும். பட்டினி என்றால் வளர்ச்சியை நிறுத்தி, செல் தன் பழைய சாமான்களைப் பிரித்து மறுபடி பயன்படுத்திக்கொள்ள விடும். டிஎஸ்சி1, டிஎஸ்சி2 என்ற இரண்டு மரபணுக்கள் செய்யும் புரதங்கள் ஒன்று சேர்ந்து ரெப் என்ற சின்னப் புரதத்தை அடக்கி வைத்திருக்கின்றன, ரெப் எழுந்தால்தான் எம்டார் ஓடும். சாதாரணமாக இன்சுலின் வந்ததும் ஏகேடி என்ற நொதி டிஎஸ்சி2 மேல் பாஸ்பேட்டை ஒட்டி அந்தப் பிடியைத் தளர்த்தும், வேலை முடிந்ததும் பிடி திரும்ப இறுகும். ட்யூபரஸ் ஸ்கிளரோசிஸில் இந்த இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுது. பிறவியிலேயே ஒரு பிரதி போயிருக்கும், இன்னொரு பிரதியும் எந்தச் செல்லில் கெடுகிறதோ அங்கே எம்டார் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மூளை, தோல், சிறுநீரகம், இதயம் என்று சம்பந்தமே இல்லாத இடங்களில் கட்டி வருவது இப்படித்தான்.

எவரோலிமஸ் செல்லுக்குள் வேறொரு புரதத்தோடு சேர்ந்து எம்டாரைப் பிடித்துக்கொள்கிறது. புது கிட்னியைத் தாக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் பெருகுவதற்கும் எம்டார் வேண்டும், அதனால் உங்கள் சொந்தக்காரருக்கு அது நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து. சிலவகை சிறுநீரகப் புற்றுநோயிலும் மார்பகப் புற்றுநோயிலும் இதே பாதை அளவுக்கு மேல் ஓடுவதால் அங்கேயும் கொடுக்கிறார்கள், ஆனால் அங்கே பெரும்பாலும் கொஞ்ச காலம் தாமதப்படுத்தத்தான் முடிகிறது, ஏனென்றால் எம்டாரை அடைத்தால் அது அடக்கி வைத்திருந்த மேல்மட்டச் சேதிகள் கிளம்பி ஏகேடி இன்னும் வேகமாகிவிடும், புற்றுநோய் செல்லுக்கு வேறு வழிகளும் உண்டு. பையனுக்கோ பழுது எம்டாருக்கு நேர் மேலே. என்னைக் கேட்டால் இந்த மருந்து மிகச் சரியாகப் பொருந்துவது இந்த நோய்க்குத்தான்.

கணக்கும் சொல்கிறேன். இந்தக் கட்டிக்காக 117 பேரிடம் நடந்த சோதனையில் மருந்து சாப்பிட்டவர்களில் 35 சதவீதத்தினருக்குக் கட்டி பாதியோ அதற்கும் கீழோ சுருங்கியது, வெற்று மாத்திரை சாப்பிட்ட யாருக்கும் அப்படி ஆகவில்லை. வலிப்புக்கு 366 பேரிடம் நடந்தது 2016இல் வெளிவந்தது: ரத்தத்தில் மருந்தின் அளவை அதிகமாக வைத்தவர்களில் 40 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதியாவது குறைந்தது, வெற்று மாத்திரையில் 15. ஆகவே வலிப்பு ஒரேயடியாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நிறுத்துவது பற்றி: இது செல்லைக் கொல்வதில்லை, அடக்கித்தான் வைக்கிறது. மரபணுவின் பழுது அப்படியே இருப்பதால் நிறுத்தினால் பெரும்பாலும் கட்டி திரும்ப வளரும்.

பழைய_பேப்பர்:
எலி சொன்னதோடு ஒரு கொசுறு. இந்த மருந்துக் குடும்பத்தின் மூத்தது ராபமைசின். 1964இல் கனடா நாட்டுக் குழு ஒன்று ஈஸ்டர் தீவுக்குப் போய் மண் எடுத்து வந்தது, அந்த மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து மான்ட்ரியலில் அயர்ஸ்ட் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தார்கள். பூஞ்சைக்கு மருந்தாகும் என்று பார்த்தால் நோய் எதிர்ப்பை அமுக்குகிறது, ஓரங்கட்டிவிட்டார்கள். ஆய்வகத்தை மூடும்போது சுரேன் சேகல் (நம் நாட்டிலிருந்து போனவர், பனாரஸில் படித்தவர்) கொஞ்சத்தை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார் என்பார்கள். 1999இல்தான் அமெரிக்காவில் கிட்னி மாற்றுக்கு அனுமதி. வேடிக்கை என்னவென்றால் மருந்து கையில் வந்து பல வருடம் கழித்து, 1991இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மைக்கேல் ஹால் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஈஸ்ட்டில் தேடித்தான் அது எதைப் பிடிக்கிறது என்றே தெரிந்தது.

நிலாவின்_அம்மா:
தேனிக்காரி, என் மகளுக்கும் இதேதான். கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேனிலேயே இதயத்தில் கட்டி என்றார்கள், அது பிறந்தபின் தானாகச் சுருங்கிவிட்டது, அப்புறம்தான் வலிப்பு. மாத்திரை ஆரம்பித்ததும் முதலில் வந்தது வாய்ப்புண். ரசம் சாதம் கூட எரியும், தயிர் சாதத்தை ஆறவைத்துக் கொடுத்தேன். டாக்டரிடம் சொன்னதும் அளவைக் குறைத்து, வாய் கொப்பளிக்க ஒன்று எழுதினார், சரியானது. கொழுப்பு ஏறுகிறதா என்றும் ரத்தம் பார்ப்பார்கள். முக்கியமாக, அக்கா அடுத்த குழந்தை யோசிப்பதாக இருந்தால் இருவருக்கும் மரபணுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்கு இது புதிதாகத்தான் வருகிறது, ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு மிக லேசாக இருந்து, முகப்பரு என்று விட்டிருக்கலாம்.

மாத்திரைக்_கடை:
கடைக்காரன் என்பதால் சொல்கிறேன், எங்களில் பலருக்கு இந்த மாத்திரையைக் கேன்சர் மருந்தாகத்தான் தெரியும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் தினமும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும், ரத்தத்தில் அளவு பார்க்கும் நாளில் மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும், வழக்கமாக மில்லிலிட்டருக்கு 5 முதல் 15 நானோகிராமுக்குள் வைப்பார்கள். பையன் கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்துகள் சாப்பிட்டால் எவரோலிமஸ் அளவு இறங்கும். சளி, இருமல் என்று கடையில் கேட்டு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் எகிறும். எந்த மருந்தையும் தானாக வாங்காதீர்கள், கிரேப்ஃப்ரூட் ஜூஸும் வேண்டாம்.

ஜிம்_பாய்:
இடையில் மன்னிக்கவும், எம்டாரைக் கூட்டத்தானே நாங்கள் புரோட்டீன் பவுடர் குடிக்கிறோம்? அது கெட்டதா? இன்னொரு பக்கம் ராபமைசின் போட்டால் ஆயுள் கூடும் என்று வீடியோ போடுகிறார்கள்.

ஆய்வக_எலி:
எம்டார் கெட்டதென்று யார் சொன்னது, அது இல்லாவிட்டால் கருவே வளராது. தசை ஏறுவதும் அதனால்தான். சாப்பாட்டுக்கு ஏறி இறங்கும் எம்டார் வேறு, இறங்கவே இறங்காத எம்டார் வேறு. ஆயுள் விஷயம், 2009இல் வயதான எலிகளுக்குக் கொடுத்ததில் ஆயுள் கூடியது உண்மை, ஆனால் மனிதனுக்கு அப்படி நிரூபணம் இல்லை. நோய் எதிர்ப்பை அமுக்கும் மருந்தை வீடியோ பார்த்துப் போடாதே தம்பி.

தேனிக்காரி:
எல்லோருக்கும் நன்றி, அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், நாளைக்கே மாத்திரை வாங்கப் போகிறாள். ஒன்று மட்டும், பையனுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி இன்னும் போடவில்லை. மருந்து ஆரம்பித்த பிறகு போடலாமா?

மாத்திரைக்_கடை:
அது உயிருள்ள கிருமி வகை, எவரோலிமஸ் சாப்பிடும்போது போடக் கூடாது. முதல் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் டாக்டருக்கு போன் போட்டுக் கேளுங்கள், கட்டிக்காகக் காத்திருக்க முடியுமா முடியாதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். முடியாது என்றால் வீட்டில் மற்ற குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள், பள்ளியில் யாருக்காவது அம்மை வந்தால் அன்றே டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள்.