சங்கக் கிளை அமைத்ததற்காக வேலை நீக்கம், பக்கத்துத் தோட்டங்களிலும் வேலை மறுப்பு: என்ன வழி?

கொட்டாஞ்சேனை அக்கா:
அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பில், புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். என் தம்பி ஹட்டனுக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பதினொரு வருடங்களாகச் செக்ரோலில் (தோட்டத்தின் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பெயர் பதிந்த தொழிலாளி. அவனும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு தொழிற்சங்கத்தின் கிளையை அங்கே தொடங்கினார்கள். தம்பி கிளைத் தலைவராகத் தெரிவாகி, அதைத் துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) கடிதம் மூலம் அறிவித்த மூன்றாவது வாரத்தில், வேலையை மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளையைத் தகாத வார்த்தை பேசினான் என்று குற்றம் சாட்டி, விசாரணை என்ற பெயரில் அரை மணி நேரம் அலுவலகத்தில் நிறுத்தி வைத்து, வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அடுத்த தோட்டத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனான். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவர் உள்ளே போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, இடம் நிரம்பிவிட்டது என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தாராம். இன்னொரு தோட்டத்திலும் இதே கதைதான். இப்போது பழைய தோட்டத்தில், தானாக விலகுவதாகச் சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் பணிக்கொடையை உடனே தருவதாகச் சொல்கிறார்கள். நீக்கி நாலரை மாதமாகிறது. தோட்டம் தந்த லயத்து வீட்டையும் (வரிசை வீட்டையும்) கேட்பார்களோ என்று அம்மா பயப்படுகிறார். கையெழுத்துப் போடலாமா?

புதுக்கடைச் சட்டத்தரணி:
சகோதரி, எந்தக் காரணத்துக்காகவும் அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம். தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபையில், வேலையிலிருந்து நீக்கியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. தம்பி தானாக விலகியதாக ஒரு தாள் இருந்துவிட்டால் அந்தப் பொறுப்பு தம்பியின் தலையில் வந்து விழும். அதற்காகத்தான் அந்தத் தாள்.

பணிக்கொடையைக் கையெழுத்துக்கு விலையாகப் பேசுவதே தவறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு, வேலை எந்த வகையில் முடிந்தாலும் 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும்.

கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ், நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் நியாயசபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தம்பிக்காக அவருடைய சங்கமே விண்ணப்பிக்கலாம். மீண்டும் வேலையில் அமர்த்தவும், வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம் வழங்கவும், அது சாத்தியமில்லையென்றால் நட்டஈடு கொடுக்கவும் சபை கட்டளையிடலாம்.

இதைத் தவிர, 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதே கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் சேர்த்த 32அ பிரிவு, சங்க உறுப்புரிமைக்காகவோ சங்க வேலைக்காகவோ மாத்திரம் ஒருவரை நீக்குவதைக் குற்றமாக்குகிறது. ‘மாத்திரம்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் பல முறைப்பாடுகள் நின்றுவிடுகின்றன. கணக்கப்பிள்ளையைத் திட்டினான், கொழுந்து குறைந்தது என்று வேறொரு காரணத்தை எழுதி வைத்துவிடுவார்கள். அத்தோடு, இந்தப் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் அதிகாரம் தொழில் திணைக்களத்துக்கு மட்டுமே இருக்கிறது. தொழிலாளியோ சங்கமோ நேரடியாகப் போக முடியாது. இந்தக் குறையைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் நிபுணர் குழு பல தடவை சுட்டிக்காட்டியும் அது அப்படியே இருப்பது எனக்கு மிகவும் வேதனை தருகிறது. ஆகவே திணைக்களத்தில் முறைப்பாட்டைக் கொடுங்கள், ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருந்து அந்த ஆறு மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற சங்க உத்தியோகத்தர்:
சட்டத்தரணி ஐயா சொன்னவற்றோடு, வேலை மறுப்பைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 1921க்கு முன் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று எழுதிய அந்தத் துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்தில் வேலை தேட முடியாது. அது ஒழிக்கப்பட்ட பிறகும், பற்றுச்சீட்டு (வேலையிலிருந்து நீக்கியதற்கான சீட்டு) வாங்கியவன் என்றாலே சங்கக்காரன் என்று சந்தேகப்பட்டு ஒதுக்கிய காலமும் இருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதே வருடம் தோட்ட முதலாளிமார் ஏழு அம்ச உடன்படிக்கையில் சங்கங்களை அங்கீகரித்ததும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான். இன்று துண்டின் வேலையை ஒரு தொலைபேசி அழைப்பு செய்கிறது, அதுவும் எழுத்தில் எதுவுமே மிஞ்சாமல்.

சங்க உரிமைகள் பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 98ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1972இலும், 87ஆம் இலக்கச் சமவாயத்தை 1995இலும் ஏற்றுக்கொண்டது. 98ஆம் இலக்கச் சமவாயத்தின் முதலாவது உறுப்புரை, வேலைக்கு எடுக்கும்போதே சங்கத்தைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கச் சொல்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் அந்த இடத்தில் பிடிமானம் மிகவும் குறைவு. அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்தாலும், அடிப்படை உரிமை வழக்கை அரச நிர்வாகத்துக்கு எதிராகத்தான் போட முடியும். தனியார் கம்பனித் தோட்டத்துக்கு எதிராகப் போட முடியாது.

அதனால், சாட்சியத்தை நாம்தான் சேர்க்க வேண்டும். வேலை கேட்டுப் போன திகதி, நேரம், பேசியவரின் பதவி, கூட நின்றவர்களின் பெயர் ஆகியவற்றை அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை வேலை கேட்பதை எழுத்தில் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பித் தபால் ரசீதை வைத்திருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தம்பி கிளைத் தலைவரானதைத் துரைக்கு அறிவித்த கடிதத்தின் பிரதி. துரைக்கு அது தெரிந்திருந்தது என்பதற்கும், நீக்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது என்பதற்கும் வேறு நல்ல சாட்சி கிடையாது.

மஸ்கெலியா மகள்:
அக்கா, என் அப்பாவுக்கும் இதே நிலைமை வந்தது. வேலையை விடவும் லயத்து அறையைக் காட்டித்தான் எங்களைப் பணிய வைத்தார்கள். வீட்டை விடுங்கள் என்று வாயால் சொன்னால் அம்மா வெளியேற வேண்டாம், சாமான்களையும் எடுக்க வேண்டாம். எழுத்தில் ஏதாவது வந்தால் அன்றே சங்கத்திடம் காட்டுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:
பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே தம்பியிடம் பேசினேன். அவன் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தாளைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறான். துரைக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் இருக்கின்றன என்றான். கணக்குப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய், திங்கட்கிழமை சங்கத்தின் உத்தியோகத்தரோடு நியாயசபைக்குப் போகிறோம்.